நல்லதங்காளும் வாரிசுதான்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு மாணவி, குரங்கணி)

பெருங்குடும்பத்தில் பிறந்த பெண் குழந்தை. பெற்றோர் மறைந்ததும் உறவினர் சொத்தைச் சுருட்டிக் கொள்கின்றனர். குழந்தை அவர்கள் வீட்டு அடுப்படியிலேயே வேலைக்காரியாய் வளர்கிறது. இறுதியில் ஒரு மச்சமோ, மோதிரமோ, பழைய தாதியின் வாக்குமூலமோ அவள் யாரென்று ஊருக்குக் காட்டுகிறது. கொடுமை செய்தவர் தலைகுனிய, கொட்டகை அதிரக் கைதட்டுகிறோம். இந்தக் கதை உலகத்தில் இல்லாத மொழி இல்லை. நம் திரைப்படங்களும் நாடகங்களும் இதை எத்தனையோ முறை சொல்லிவிட்டன. நாமும் அலுக்காமல் பார்த்துவிட்டோம்.

கைதட்டிய பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. கொட்டகையில் அந்தப் பெண்ணுக்காகக் கண்ணீர் விட்ட அண்ணன்மார்களே, தந்தையின் காரியம் முடிந்த சில நாட்களில் தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, ஒரு பட்டுச் சேலையும் பேருந்துக் கட்டணமும் கொடுத்து அனுப்பி வைக்கின்றனர். அவளும் பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டுவிட்டு, "அண்ணன் நல்லாயிருந்தால் போதும்" என்று பேருந்து ஏறுகிறாள். மச்சம் தேவையில்லை, மோதிரம் தேவையில்லை. அவள் வாரிசு என்பது அந்தப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. வாரிசாக இல்லாதவளிடம் விடுதலைப் பத்திரம் எதற்கு வாங்க வேண்டும்?

மாணவத் தோழர்களே, தோழியரே! மறைந்திருக்கும் வாரிசு எங்கோ அரண்மனைக் கதையில் இல்லை. நம் வீடுகளில்தான் இருக்கிறாள் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் ஒரே செய்தி.

நம் நாட்டுப்புறத்தின் பெருஞ்சோகக் கதை நல்லதங்காள் கதை. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள், பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளியலங்காரி கதவைச் சாத்துகிறாள். பச்சை விறகையும் ஓட்டைப் பானையையும் கொடுத்துச் சமைத்துக்கொள்ளச் சொல்கிறாள். மானம் பொறாத நல்லதங்காள், பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்து தானும் விழுந்து மாய்கிறாள். வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் எடுத்து இன்றும் கும்பிடுகிறோம்.

இக்கதையைக் கேட்டவர் எல்லோரும் மூளியலங்காரியைத் திட்டுவர். திட்டட்டும். ஆனால் கதை முழுவதிலும் ஒருவர் கூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அவள் நின்ற வாசல் அவளுடைய தந்தையின் வீட்டு வாசல் அன்றோ? அந்தக் களஞ்சியத்து நெல்லில் அவளுக்கு ஒரு மரக்கால்கூடச் சொந்தமில்லையா? அண்ணனின் பாசம் ஒன்றுதான் அவளிடமிருந்த பத்திரம். அண்ணன் ஊரில் இல்லாத நாளில் அந்தப் பத்திரம் செல்லவில்லை. பாசத்தை நம்பி வந்தவள் பிச்சைக்காரியாக நிற்க வேண்டியதாயிற்று. பங்கோடு வந்திருந்தால் அண்ணி கதவைச் சாத்தியிருக்க முடியுமா?

நல்லதங்காள் வாழ்க்கைப்பட்ட அதே சிவகங்கைச் சீமையில், கிணற்றைத் தேடாமல் நீதிமன்றத்தைத் தேடிய ஒரு பெண்ணும் இருந்தாள். அவர் காத்தம நாச்சியார். 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சிவகங்கை ஜமீனைக் கௌரி வல்லபத் தேவருக்கு வழங்கியது. அவர் 1829-இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். மனைவியர் இருந்தனர், மகள்கள் இருந்தனர். எனினும் சகோதரர் மகன் ஜமீனை எடுத்துக் கொண்டார். "கூட்டுக் குடும்பச் சொத்து ஆண்வழிக்கே உரியது, பெண்களுக்குச் சோறும் சேலையும் போதும்" என்பது அந்தப் பக்கத்து நியாயம்.

முதலில் மனைவியர் வழக்காடினர். பிறகு மகள் காத்தம நாச்சியார் வழக்கைக் கையில் எடுத்தார். இங்குள்ள நீதிமன்றங்களில் தோல்வி. அவர் விடவில்லை. கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போயிற்று. 1863-இல் தீர்ப்பு வந்தது. குடும்பம் கூட்டுக் குடும்பமாகவே இருந்திருக்கலாம். ஆயினும் ஜமீன் கௌரி வல்லபருக்கே தனிப்பட வந்த சொத்து. ஒருவர் தாமே தேடிய சொத்து மனைவிக்கும், அவருக்குப்பின் மகளுக்கும் போகுமேயன்றிச் சகோதரர் மகனுக்குப் போகாது என்பது தீர்ப்பு. தந்தை இறந்து 34 ஆண்டுகளுக்குப் பின் மகள் வாரிசு ஆனாள். சரியாகச் சொன்னால், 34 ஆண்டுகளாகவே அவள் வாரிசு வழியில் வந்தவள்தான் என்று அன்றைக்குத்தான் உலகம் ஒப்புக்கொண்டது.

அது ஜமீன் குடும்பம், வழக்காடப் பணமிருந்தது, நமக்கெங்கே என்று சிலர் கேட்கலாம். அவர்களை எங்கள் குரங்கணி மலைப்பாதையில் என்னோடு சற்றே ஏறி வருமாறு அழைக்கிறேன்.

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்கு வந்து அண்ணாந்து பார்த்தால் மலை சுவர் போல நிற்கும். கீழே மாந்தோப்பும் இலவ மரமும். மேலே காப்பியும் ஏலமும். டாப் ஸ்டேஷன் வரை ஏறிவிட்டால் அதற்கப்பால் கேரளம். ஆங்கிலேயர் காலத்தில் இந்தப் பக்கம் சென்னை மாகாணம், அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். மழை இரு பக்கமும் பெய்தது; ஏலம் இரு பக்கமும் விளைந்தது. சட்டம் மட்டும் மலைமுகட்டில் இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பக்கத்துக் கிறித்தவப் பெண்ணுக்கு, உயில் எழுதாமல் தந்தை இறந்தால், இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அண்ணன் தம்பியோடு சமபங்கு. அந்தப் பக்கத்தில் 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறித்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு, மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது ரூ. 5,000, இவற்றுள் எது குறைவோ அது! சீதனம் வாங்கியிருந்தாலோ வாக்களித்திருந்தாலோ அதுவும் இல்லை.

மலைக்கு அப்பாலிருந்த அந்தக் கோட்டயம் நாட்டில் பிறந்தவர்தான் மேரி ராய். (1972-இல் இடுக்கி மாவட்டம் பிரியும் வரை நமக்கு நேர் எதிரே உள்ள தேவிகுளம், உடும்பன்சோலை வட்டங்கள் கோட்டயம் மாவட்டத்திலேயே இருந்தன.) மணவாழ்க்கை முறிந்து, இரு சிறு குழந்தைகளோடு, காலமான தந்தைக்கு உதகமண்டலத்தில் இருந்த ஒரு சிறு வீட்டில் வந்து தங்கினார். அங்கிருந்தும் வெளியேறச் சொல்லித் தாயும் சகோதரரும் வந்து நின்றனர். "மகளுக்குத் தந்தை சொத்தில் உரிமையில்லை" என்பதே காரணம். இதை அவருடைய மகள், எழுத்தாளர் அருந்ததி ராய், 2025-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் விவரித்திருக்கிறார்.

நல்லதங்காள் நின்ற அதே வாசல்! அதே நிலை! மேரி ராய் என்ன செய்தார்? பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைத் தேடி ஓடினார். அந்த வழக்கறிஞர், "திருவிதாங்கூர்ச் சட்டம் கேரளத்தில்தான் செல்லும், தமிழ்நாட்டில் செல்லாது" என்று சொன்னார். அவ்வளவுதான்! துரத்த வந்தவர் கையிலிருந்த வாள், மாநில எல்லையைத் தாண்டியதும் மழுங்கிப் போயிற்று. கதைகளில் வரும் கெட்டிக்காரப் பெண்கள் மாறுவேடம் போடுவர், கடிதத்தைத் திருடுவர். இவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்த இடத்தில் எந்தச் சட்டம்?" உறவினரை வென்ற சூழ்ச்சி எல்லாம் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிட்டது.

பிறகு கோட்டயம் திரும்பினார்; 1967-இல் ஒரு பள்ளியைத் தொடங்கித் தம் காலில் நின்றார். 1983-இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 1986 பிப்ரவரி 24 அன்று தலைமை நீதிபதி பகவதியும் நீதிபதி பதக்கும் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பின் வியப்பு என்னவெனில், நீதிமன்றம் புதிதாக எந்த உரிமையையும் கொடுக்கவில்லை. சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்த பின், 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம் அங்கும் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய சட்டம் அன்றே செத்துவிட்டது என்றது நீதிமன்றம்.

எண்ணிப் பாருங்கள்! 35 ஆண்டுகள் அந்த நாட்டுக் கிறித்தவப் பெண்கள் அனைவரும் சமபங்கு வாரிசுகளாகவே இருந்திருக்கின்றனர். எத்தனை பெண்கள் நான்கில் ஒன்றும் இல்லாமல் மணமேடை ஏறியிருப்பர்! எத்தனை விதவைகள் சகோதரன் வீட்டுத் திண்ணையில் கிடந்திருப்பர்! அவர்கள் வாரிசு என்பது அவர்களுக்கும் தெரியாது, உடன்பிறந்தாருக்கும் தெரியாது, பல நீதிமன்றங்களுக்கே தெரியவில்லை. பழைய திருவிதாங்கூரிலிருந்து 1956-இல் நம்மோடு சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண்களின் நிலையும் இதுவே. செத்துப்போன சட்டத்தைப் பிழைத்திருப்பதாகக் காட்டியே ஒரு தலைமுறைப் பெண்களை ஏமாற்றிவிட்டது வழக்கம். மறைந்த வாரிசு என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

தீர்ப்புக்குப் பின்னும் மேரி ராயின் பங்கு கைக்கு வந்து சேர மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2022 செப்டம்பர் 1 அன்று அவர் மறைந்தார். அவர் பெற்ற பங்கின் மதிப்பைவிட, அவரால் தங்கள் பங்கை அறிந்து கொண்ட பெண்களின் எண்ணிக்கை பெரிது.

சரி, நம் பக்கம் என்ன வாழ்கிறது? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கும் ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் இன்றி இறந்த தந்தையின் தனிச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் சமபங்கு என்றது. பரம்பரைக் கூட்டுச் சொத்தில் பிறப்புரிமையை மகனுக்கே விட்டு வைத்தது. அந்தக் கதவையும் தமிழ்நாடு திறந்தது. 1989 மார்ச் 25-க்கு முன் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுச் சொத்திலும் பிறப்புரிமை கிடைத்தது. செங்கல்பட்டுத் தீர்மானம் சட்டமாக 60 ஆண்டுகள்! 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும், மணமானவர் ஆகாதவர் என்ற வேறுபாடின்றி மகள்களுக்கு அதே உரிமை. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற தடையும் தேவையில்லை என்று 2020 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் அச்சட்டம் தொடவில்லை.

இன்னும் ஒரு வழக்கைச் சொல்லாமல் விட மனமில்லை. நம் சேலம் பக்கத்து வழக்கு. ஒருவர் 1938-இல் நீதிமன்ற ஏலத்தில் நிலம் வாங்கினார், 1949-இல் இறந்தார். ஒரே மகள். அவளும் 1967-இல் பிள்ளையின்றி இறந்தாள். அவள் தந்தைக்குப் பின் நிலம் நேரே தங்கள் ஆண்வழிக்கு வந்துவிட்டது என்றது சகோதரர் மகன் தரப்பு. இல்லை, மகளுக்குத்தான் வந்தது. அவளுக்குப்பின் எங்களுக்கும் பங்குண்டு என்றாள் சகோதரர் மகள்களில் ஒருத்தி. கீழ்மன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் அவளுக்குத் தோல்வி. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தந்தை தாமே தேடிய சொத்து மகளுக்கே உரியது. அதற்கு அது எடுத்துக் காட்டிய முன்தீர்ப்புகளில் ஒன்று எது தெரியுமா? 1863-ஆம் ஆண்டின் சிவகங்கைத் தீர்ப்பு! காத்தம நாச்சியார் இலண்டன் வரை போய்ப் பெற்ற ஒரு தாள், 159 ஆண்டுகளுக்குப் பின் ஒரு சேலத்து உழவர் குடும்பத்துப் பெண்ணுக்குத் துணை நின்றது. அந்த நிலத்துக்கு உரியவள் வாரிசுதான் என்று நாடு ஒப்புக்கொண்டபோது அவள் இறந்து 55 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜமீன்தாரிணியின் வழக்கு நமக்கெதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுவே விடை.

எதிர்த்தரப்பு வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

"நகை போட்டோம், சீர் செய்தோம், பேறுகாலம் பார்த்தோம், அதுவே அவள் பங்கு" என்பர். அண்ணன்மார் கடன் பட்டுத் தங்கையைக் கரையேற்றுவது உண்மை. அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நகை பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டாரிடம் போகிறது. அவள் பெயரில் எஞ்சுவது என்ன? வரதட்சணையை 1961-இலேயே சட்டம் தடை செய்துவிட்டது. தடை செய்யப்பட்டதைக் கொடுத்துவிட்டு, அதைக் காட்டி, சட்டம் கொடுத்ததைப் பறிப்பது எந்த ஊர்க் கணக்கு?

"பெற்றோரைக் கடைசி வரை பார்த்தவன் மகன்தானே" என்பர். பார்த்தவர்க்குக் கூடுதலாகக் கொடுக்கத் தந்தை உயில் எழுதலாம். அதைச் சட்டம் தடுக்கவில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டது மகளாக இருந்தால் அவளுக்கும் அதே நீதி வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் படுத்த படுக்கையான தாய்க்குக் கஞ்சி ஊற்றும் கை பெரும்பாலும் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஒரு குறுக்கம் தோட்டத்தை நாலாகப் பிரித்தால் யாருக்கு உதவும்?" என்பர். நியாயமான கவலைதான். நான்கு மகன்கள் இருந்தால் நாலாகத்தானே பிரிக்கிறோம்? அப்போது எழாத கவலை, இரண்டு மகனும் இரண்டு மகளும் இருக்கும்போது மட்டும் எழுவானேன்? நிலத்தைத் துண்டாக்க விருப்பமில்லையெனில் மகளின் பங்குக்கு உரிய விலையைக் கொடுத்து வாங்கிக் கொள்ளட்டும். பட்டுச் சேலை உரிய விலை ஆகாது.

"பங்கு கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும்" என்பதே கடைசி வாதம். பெண்களே சொல்லும் வாதம். தாய்மாமன் சீர் வராது, நல்லது கெட்டதற்கு ஆள் வராது என்று அஞ்சுகின்றனர். அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் பங்கைக் கேட்டதும் அறுந்து போகும் கயிறு, எத்தனை சுமையைத் தாங்கும்? நல்லதங்காள் எதையும் கேட்காமலே வந்தாள். உறவு அவளைத் தாங்கிற்றா?

எங்கள் மலையடிவாரத்தில் சொத்து என்று சொல்லவே ஒன்றும் இல்லாத குடும்பங்கள் பல உண்டு. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டிய பின் திரும்பும் பெண்களுக்கு வாரிசுரிமை பேசி என்ன பயன் என்று கேட்கலாம். ஓட்டு வீடும் வீட்டடி மனையும்கூடச் சொத்துத்தான். குடிகாரக் கணவன் வெளியே தள்ளினால் நிற்க ஒரு தாழ்வாரம் வேண்டுமே! பெரிய சொத்துக்காரப் பெண்ணுக்குப் பங்கு ஒரு வசதி. ஏழைப் பெண்ணுக்கு அது கிணற்றுக்கும் அவளுக்கும் இடையே உள்ள சுவர்.

ஆகவே, கல்லூரியில் படிக்கும் நாம் செய்ய வேண்டியது என்ன? வீட்டில் சண்டை மூட்ட வேண்டாம். முதலில் தெரிந்துகொள்வோம். நம் வீட்டு நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது? அது பாட்டன் சொத்தா, தந்தை தேடியதா? வில்லங்கச் சான்று எடுத்தால் எந்த ஆண்டு யார் யாருக்கு எழுதிக் கொடுத்தனர் என்பது தெரியும். படிக்காத அத்தையும் சித்தியும் பத்திர அலுவலகத்துக்குப் புறப்படும்போது, "என்ன எழுதியிருக்கிறது, படித்துக் காட்டுகிறேன்" என்று உடன் செல்வோம். பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பின்னர் உடைப்பது எளிதன்று. கையெழுத்துக்கு முன் கேட்கும் ஒரு கேள்வி, பின்னர் நடத்தும் இருபதாண்டு வழக்குக்குச் சமம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்கள் எவரும் இலவசச் சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் உண்டு.

ஆண் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளை உங்கள் தந்தையின் சொத்து பிரியும் நாள் வரும். தங்கை வாய் திறந்து கேட்கும் வரை காத்திராமல், "உன் பங்கு இது" என்று நீங்களே எடுத்து வையுங்கள். வேண்டாம் என்று அவள் தெரிந்தே விட்டுக் கொடுத்தால் அது கொடை. தெரியாமல் விட்டது கொடையாகாது.

நல்லதங்காளுக்குக் கோயில் கட்டிப் பொங்கல் வைத்த நாம், அவளுக்கு அன்று கொடுத்திருக்க வேண்டியது ஒரு பங்கு வீடும் கொஞ்சம் நெல்லும்தான். தெய்வமாக்கிக் கும்பிடுவதைவிட அது மலிவான காரியம். இனி அண்ணன் வீட்டுக்கு வரும் தங்கைகளேனும் தந்தை வீட்டுக்கு வரட்டும்!